மிதித்தும் இழுக்காத கார்

எழுபதுகளின் கடைசி. மாவனல்லையில் கராஜ் வைத்திருந்த என் கணவர், ஒரு தோட்டத்துத் துரையின் காருக்கு என்ஜினுக்குள் காற்றை ஊதி வேகம் கூட்டும் டர்போ பூட்டி, ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டார்.

“சூப்பர்சார்ஜர் பெல்ட்டுல சுத்தும், மிதிச்சதும் இழுக்கும். ஆனா என்ஜின் பலத்தையே கொஞ்சம் தின்னுரும். டர்போ என்ஜின் தள்ளுற பொகையில சுத்துது. தின்னாது, கொஞ்சம் பிந்தித்தான் இழுக்கும்” என்றார்.

புளத்கொகுபிட்டிய ஏற்றத்தில் ஒரு லொறியை முந்த காரை வெளியே எடுத்தார். எதிர் வளைவில் பஸ்.

“என்னங்க, பஸ்ஸு!”

மிதித்தார். கார் இழுக்கவில்லை. லொறிக்காரர் சட்டென்று லொறியை ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கி வழிவிட்டார். அதற்குப் பிறகுதான் கார் பாய்ந்தது.

நிறுத்தியதும் நான் அழுதேன், அவர் சிரித்தார். லொறிக்காரருக்கு நன்றி சொல்ல இறங்கியவர், கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பயமும் பிந்தித்தான் வந்தது.

என் பயம் பெல்ட்டில் சுற்றுவது. இன்றும் யார் முந்த எடுத்தாலும் உடனே இழுக்கிறது.