வாலறுந்த பை

என் பெரியம்மா தையல்காரர். கால்சட்டைகளுக்கு ஓரம் அடிப்பது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலைகளின் நீளம் குறைப்பது எல்லாம் அவர் வேலை. எதிலாவது ஒரு நூல் தொங்கினால் அவருக்குக் கை பரபரக்கும். ஒருமுறை பேருந்தில் முன்னால் நின்றவரின் சட்டையில் தொங்கிய நூலைக் கேட்காமலே கத்தரியால் நறுக்கிவிட்டார். அந்த மனிதர் மிரண்டு திரும்பியபோது, "பரவாயில்லை, காசெல்லாம் வேண்டாம்" என்றாராம்.

அப்படிப்பட்டவர் மூன்று நாள் மலைப்பயணத்துக்குப் பெயர் கொடுத்தார். குழுவை நடத்தும் விளையாட்டு ஆசிரியர் கண்டிப்பானவர். தன் பையைத் தானே சுமந்து மாடிப்படி ஏறிக் காட்டாதவர்கள் உச்சிக்கு வரக்கூடாது, அடிவார விடுதியில் தங்கிக்கொள்ளலாம் என்றார்.

"விடுதி ஜன்னல் வழியா மலையைப் பாக்கவா போறேன்? இத்தனை வருஷம் மிஷினுக்கு எதிர்ல இருக்கற சுவரைப் பாத்தது போதும்" என்றார் பெரியம்மா.

பை வாங்க என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரர் ஒரு பையில் எடைக்கல் மூட்டைகளைப் போட்டு, "மாட்டிக்கிட்டு நாலடி நடந்து பாருங்கம்மா" என்றார். பெரியம்மா அவற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பையின் உட்புறத்தை வெளியே திருப்பினார்.

"நடக்கறது இருக்கட்டும். இந்த மூலையைப் பாருங்க, இழுத்துத் தைச்சிருக்கான்."

"அது முதுகுக்கு நல்லா உக்காரும்மா."

"உக்காரட்டும். தையல் நிக்கணுமே."

ஒன்பது பைகள் உள்வெளியாகத் திரும்பின. கடைசியில் தையல் நேராக இருந்த ஒன்றை வாங்கினார். முதுகில் ஒருமுறைகூட மாட்டிப் பார்க்கவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். "உனக்கென்ன தெரியும், உன் பட்டனையே நான்தானே தைக்கறேன்" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் குடியிருக்கும் அடுக்குமாடியில் பரீட்சை. பெரியம்மா இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு தோள்களும் சிவந்திருந்தன. ஆசிரியர் பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இடுப்புப் பட்டை எங்கக்கா?"

"அதுவா? ரெண்டு பக்கமும் வால் மாதிரி தொங்குச்சு. பிரிச்சுப் போட்டுட்டேன். பிரிச்ச தடமே தெரியாது, பாருங்க."

உண்மையாகவே தடம் தெரியவில்லை. ஆசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாரத்துல முக்கால்வாசி இடுப்புல உக்காரணும்க்கா. அந்தப் பட்டைக்குத்தான் அவ்வளவு விலை."

அடுத்த ஞாயிறு இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி என்றார்.

வீட்டில் பெரியப்பா சிரித்துச் சிரித்து இருமினார். அறுத்த பட்டை குப்பை வண்டியோடு போயிருந்தது. பெரியம்மா கித்தான் துணியை எடுத்து மூன்று மடிப்பாக மடித்தார், நடுவில் பஞ்சுத் தகடு வைத்தார். பிறகு அளவு நாடாவைப் பெரியப்பாவிடம் நீட்டினார். தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு பெரியம்மாவுக்கு மனப்பாடம். தன்னுடையதை மட்டும் எடுத்ததே இல்லை.

பெரியப்பா நாடாவைச் சுற்றிப் பிடித்துக் கண்ணாடியைச் சரிசெய்தார். "சொல்லட்டுமா?"

"மெதுவாச் சொல்லுங்க. இவளுக்குக் கேக்கும்" என்று பெரியம்மா என்னைக் காட்டினார்.

அவர் காதோடு சொன்னார். "நாடா பழசு, சுருங்கிப்போச்சு" என்றார் பெரியம்மா. ஆனால் பெரியப்பா சொன்ன அளவுக்கே வெட்டினார். தைத்து முடித்ததும் புத்தகங்களைப் பையில் அடைத்து, மாட்டிக்கொண்டு, வாரம் முழுக்க வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினார்.

ஞாயிறன்று மொட்டை மாடிவரை ஏறிவிட்டார். மூச்சு வாங்கியது, ஆனால் எங்கும் உட்காரவில்லை. ஆசிரியர் பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"பிய்ஞ்சு வராதே?"

"உங்க கை வேணா வரும்."

"சரிக்கா. வியாழக்கிழமை கிளம்பறோம்."

கீழே காத்திருந்த பெரியப்பாவின் முகம் செய்தி கேட்டுக் கொஞ்சம் நீண்டது. "மூணு நாள் நான் என்ன பண்ண?"

"என் தையல் கடையில உக்காருங்க. யாராவது கேட்டா, நான் மலை மேல இருக்கேன்னு சொல்லுங்க."

"கேட்டாத்தானே சொல்லணும்?"

"கேக்கலைன்னாலும் சொல்லுங்க" என்றார் பெரியம்மா.