கடற்கரையில் அக்காவிடம் கேட்ட கேள்வி

எங்கள் அக்கா லால்குடிக்கு வடக்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் அடுத்தடுத்து மறைந்தபின் பெரியப்பாவே எங்களை வளர்த்து, அக்காவை ஸ்ரீரங்கத்தில் மணம் செய்து கொடுத்தார். மணமான மூன்றாம் ஆண்டு அத்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குக் கடை வேலைக்குப் போனார். 1952-க்குப் பிறகு கடிதம் இல்லை. அக்கா உத்தர வீதியில் ரவிக்கை தைத்துத் தம் காலில் நின்றார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த நான் அவருடனேயே குடியிருந்தேன்.

1958 ஆடி பிறக்கும் முன் பெரியப்பா வந்தார். "ஏழாவது வருஷம் நடக்குது. இனிமே என்ன இருக்கு? ஆவணியில அம்மா மண்டபத்துல காரியத்தைச் செஞ்சிடுவோம்" என்றார். காரியம் நடந்தால் அக்கா பொட்டை அழிக்க வேண்டும்.

அதே வாரம், தைக்கத் துணி கொண்டுவந்த ஒரு பெண், வேதாரண்யத்துக்கு அப்பால் மணல்மேட்டுத்துறை என்ற ஊரைப் பற்றிச் சொன்னார். கடலில் போய்த் திரும்பாதவர்களுக்காக ஆடி அமாவாசையன்று அங்கே வெளியூர்க்காரர்களும் போய் வேண்டிக்கொள்வார்களாம். "என்னதான் செய்றாங்கன்னு பாத்துட்டு வந்துடுவோமே" என்றார் அக்கா. பக்தியைவிட அறியும் ஆவலே அவரிடம் மிகுந்திருந்தது.

வேதாரண்யம் வரை ரயில். பிறகு உப்பளங்களின் ஓரமாக மாட்டுவண்டியில் இரண்டரை மணி நேரம். ஊரில் முப்பத்தொரு குடிசைகளை எண்ணினேன். கோயில் என்று கட்டடம் இல்லை. மணலில் நட்ட ஒடிந்த பாய்மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, அதையே அம்மன் என்று கும்பிட்டார்கள். மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்த குடிதண்ணீரைக் குடம் குடமாக அதன் அடியில் ஊற்றினார்கள்.

"பால் ஊத்த மாட்டீங்களா?" என்று அக்கா கேட்டார்.

மீன் விற்கும் அஞ்சம்மாள்தான் அன்று முன்னின்று நடத்தியவர். "கடல்ல கெடக்கறவனுக்குத் தாகமெடுத்தா பாலா கேப்பான்?" என்றார்.

அக்கா விடவில்லை. ஏன் ஒடிந்த மரம், ஏன் பூசாரி இல்லை, ஏன் ஆண்கள் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அடுக்கினார். "இந்தம்மா போலீசா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

பிறகு, கணவன் திரும்பாத பெண்கள் ஒவ்வொருவராக மரத்தடிக்கு வந்தார்கள். அஞ்சம்மாள் கேட்பது ஒன்றே: "இருக்கானா?" மனைவி "இருக்கான்" என்றால் அடுத்த ஆடி வரை அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. "இல்லை" என்றால்தான் காரியம். தகப்பனோ மாமியாரோ சொன்னால் செல்லாது. அன்று நால்வர் "இருக்கான்" என்றார்கள். ஒருத்தி "இல்லை" என்றாள். ஊர்ப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

அஞ்சம்மாள் எங்கள் பக்கம் திரும்பினார். "நீயும் வாம்மா. ஒன் ஊட்டுக்காரர் இருக்காரா?"

நான் முந்திக்கொண்டேன். கடைசிக் கடிதம் வந்த தேதி, கப்பல் கம்பெனிக்கு எழுதிய விவரம், பதில் வராத நாள்கள் எல்லாவற்றையும் நாட்குறிப்பைப் புரட்டிப் படித்தேன்.

"காணாமப் போனது ஒங்க புருசனாய்யா?" என்றார் அஞ்சம்மாள். கரையே சிரித்தது. நான் நோட்டை மூடினேன்.

அக்கா கேட்டார்: "இல்லன்னு சொல்லி, அப்புறம் அவரு வந்து நின்னா?"

"வந்தா ஒக்கார வச்சு சோறு போடு. அம்மன் வந்து ஒங்கிட்ட சண்டைக்கா நிக்கப்போவுது?"

அக்கா கடலைப் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. அஞ்சம்மாளைப் பார்த்துச் சொன்னார்: "இருக்காரு."

ஊர் திரும்பிய மறுநாள் பெரியப்பா நாள் குறித்துக்கொண்டு வந்தார். "நாள் பாக்குறது இருக்கட்டும் பெரியப்பா. அவரு இருக்காரா இல்லையான்னு என்னைக் கேட்டீங்களா?" என்றார் அக்கா. அவருக்கு எதிராக அக்கா பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை. பெரியப்பா வெகுநேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, சொல்லு. இருக்காரா?" என்றார். "இருக்காரு." "அப்ப ஐயரை வர வேணாம்னு சொல்லிடறேன்" என்று எழுந்தார். தாம் உயிரோடிருந்த வரையில் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதன்பின் ஆடிதோறும் அக்கா மணல்மேட்டுத்துறைக்குப் போனார். அங்கே குழந்தைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். வலை பின்னக் கற்றுக்கொண்டு வந்து, ஸ்ரீரங்கத்தில் அதை என்ன செய்வது என்று தெரியாமல் பந்தலில் கட்டிப் புடலங்கொடி ஏற்றினார். ஒவ்வோர் ஆண்டும் அவர் சொன்ன பதில் ஒன்றே.

1966 ஆடியில் அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. "எனக்குப் பதிலா நீ போனா செல்லாது. இங்கயே கேளு" என்றார்.

"அக்கா, அத்தான் இருக்காரா?"

வாசலில் தயிர்க்காரி வந்து கூவிவிட்டுப் போனாள். பிறகு அக்கா சொன்னார்: "இல்லப்பா."

எதையும் ஏன் என்று கேட்கும் அக்காவிடம் நான் ஏன் என்று கேட்கவில்லை. அன்று அலுவலகம் போகாமல் அருகிலேயே இருந்தேன். அந்த ஆவணியில் அத்தானுக்குரிய காரியத்தை அம்மா மண்டபத்தில் செய்தோம். ஐப்பசியில் அக்கா மறைந்தார்.

நோயில் உதவிய மருத்துவருக்கும், முறை வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சித் தந்த உத்தர வீதிப் பெண்களுக்கும், லால்குடியிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் இந்த ஓராண்டு நிறைவில் நன்றி சொல்கிறோம். கடைசி நாள்களில் அக்காவைப் பொட்டில்லாமல் கண்டவர்கள், பினாங்கிலிருந்து தந்தி ஏதும் வந்ததா என்று என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். தந்தி வரவில்லை. அக்கா சொன்னார்.