கடைசி ஆள் இன்னும் பார்க்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை தஸ்லீமாவின் அழைப்பு வந்தபோது, ஒரு கேமின் வெளியீடு மறுபடியும் தள்ளிப்போன செய்தியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். "ஜெயந்தி அக்கா போயிட்டாங்கடா" என்றாள். எங்கே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் அக்கா செவிலியர். இரவுப் பணியை முடித்துவிட்டு மன்னார்குடி பேருந்துக்காக வாசலில் நின்றிருந்தவருக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. உடனே உள்ளே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்களே தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள். முடியவில்லை.

'பிக்சல் மடை' இணையப் பக்கத்தின் வாசகர்களான உங்களுக்கு அவரை 'ஜெ.' என்ற ஒற்றை எழுத்தாகத்தான் தெரியும். கேம், பொம்மை, ஓவியம், அனிமேஷன் படம் என்று வாராவாரம் நாங்கள் போடும் செய்திகளில் பாதி அவர் எழுதியவை. படம் வரைவது வேதாரண்யத்து தஸ்லீமா. மிச்சத்தை எழுதிச் சண்டை போடுவது பாபநாசத்தில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கும் நான். மூன்று பேர்தான். உங்களில் பலர் 'ஜெ.' ஒரு கல்லூரிப் பையன் என்று நினைத்து "டேய் ப்ரோ" என்று பின்னூட்டம் போட்டீர்கள். அக்கா அதைத் திருத்தவே இல்லை. "ப்ரோன்னு கூப்புட்டா வயசு கொறஞ்ச மாதிரி இருக்கு, விடுடா" என்பார்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்ததே ஒரு கேலியில்தான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தலை ஆடும் பொம்மை வரிசையை அறிவித்திருந்தது. ஸ்பிரிங் இல்லை, எடைச் சமநிலையிலேயே தலை ஆடுகிறது, வடிவமைப்பில் இது புதிய பாய்ச்சல் என்று நான் விரிவாக எழுதினேன். அடியில் ஒரு பின்னூட்டம்: "தஞ்சாவூர் ஜில்லாவுல உக்காந்துக்கிட்டு, தலையாட்டுற பொம்மைய அதிசயம்னு எழுதுற ஒரே ஆளு நீங்கதான் தம்பி." மூன்று நாட்கள் எனக்குக் கோபம். நான்காம் நாள், எங்களோடு எழுத முடியுமா என்று கேட்டுச் செய்தி அனுப்பினேன். "எனக்கு ஷிப்ட் இருக்கும். அவசரப்படுத்தக் கூடாது. ஒத்துக்கிட்டா வரேன்" என்றார். ஒத்துக்கொண்டேன். அவசரப்படுத்தாமல் ஒருநாளும் இருந்ததில்லை.

அக்காவை எல்லாம் தெரிந்தவராக நான் காட்டப்போவதில்லை. மோசமான கேம் என்று ஒன்றையாவது அவர் சொல்லிக் கேட்டதில்லை. பாதியில் நின்றுபோகும் கேமுக்குக்கூட "பாவம், நாலு பசங்க உக்காந்து செஞ்சிருக்காங்க" என்று கூடுதலாக ஒரு மதிப்பெண் போடுவார். நான் குறைப்பேன். திரும்பவும் ஏற்றுவார்.

ஒருமுறை விவசாய கேம் ஒன்றை அவர் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தபோது, அவருடைய கணவர் செந்தில் அண்ணன் வயலிலிருந்து வந்திருக்கிறார். சேறு காயாத காலோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாத்து விடல, நடவு இல்ல, தண்ணியும் வரல. எப்புடி வெளையுது?" என்று கேட்டாராம். "பட்டன அமுக்குனா வெளையும்" என்று அக்கா சொல்ல, "அந்த பட்டன எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அக்கா அதை அப்படியே விமர்சனத்தில் சேர்த்து, 'எங்கள் வேளாண் நிபுணர் கருத்து' என்று தலைப்பும் போட்டார். நாங்கள் எழுதியதிலேயே அதிகம் பேர் சிரித்தது அந்த வரிக்குத்தான். பொம்மைப் படமெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை அண்ணன். அக்காவுக்குப் படம் பார்க்க ஆசை வந்தால் தியேட்டர் வாசலில் இறக்கிவிட்டு உரக்கடைக்குப் போய்விடுவார்.

இனி எங்கள் பக்கத்தின் ஒரே விதிக்கு வருகிறேன். எங்கள் விமர்சனங்கள் ஏன் தாமதமாக வருகின்றன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அதற்குக் காரணம் அக்காதான். ஒருநாள் வேலைக்குப் போகும் பேருந்தில், பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியில் ஒரு காணொளியின் முகப்புப் படம் தெரிந்திருக்கிறது. அக்கா அந்த வார இறுதியில் பார்க்கக் காத்திருந்த படம். அதன் நாயகனின் முகத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். அன்று மாலை எங்கள் குழுவில் குரல் பதிவு வந்தது. "நீங்க மொத நாளே பாத்துருவீங்க. நான் லீவு கெடச்சாத்தான் பாப்பேன். அறுப்பு மிஷின் ஓட்டுறவன் சீசன் முடிஞ்சுதான் பாப்பான். மொதல்ல பாத்தவன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா, கடைசில பாக்குறவனுக்கும் அது புதுப் படம். நம்ம மூணு பேர்ல கடைசி ஆளு பாக்குற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது."

கடைசி ஆள் எப்போதும் அவர்தான். மற்ற பக்கங்கள் வெள்ளிக்கிழமை மதியமே விமர்சனம் போட்டுவிடும். நான் எழுதி வைத்துக்கொண்டு அக்காவின் விடுப்புக்காகக் காத்திருப்பேன். "அக்கா, நீங்க பாக்குறதுக்குள்ள படத்தையே தூக்கிடுவாங்க" என்று கத்தியிருக்கிறேன். "தூக்குனா என்னடா, போன்ல வரும். எங்க ஓடிப்போவுது?" என்பார்.

ஒற்றைக்கண் ரோபோ டிக்கோவின் மூன்றாம் பாகம், அந்தக் கதையின் கடைசிப் பாகம், வெளியான வாரம்தான் அக்கா போனார். டிக்கோ என்றால் அக்காவுக்கு உயிர். உள்ளங்கை அளவு டிக்கோ பொம்மை ஒன்று அவருடைய பையில் எப்போதும் இருக்கும். ஊசிக்குப் பயந்து அழும் குழந்தைகளின் கையில் அதைக் கொடுத்துவிடுவார். டிக்கோ தன் கிரகத்துக்குத் திரும்புகிறதா இல்லையா என்பதுதான் படமே. நான் வெள்ளிக்கிழமை பார்த்தேன். தஸ்லீமா சனிக்கிழமை. அக்கா திங்கள்கிழமைக்குச் சீட்டு எடுத்திருந்தார். சனிக்கிழமை இரவு பணிக்குப் போகுமுன் அவர் கடைசியாக அனுப்பிய செய்தி: "மூஞ்சிய வச்சுக்கூட காட்டிக் குடுக்காத. வீடியோ கால் பண்ணாத."

அடக்கத்துக்குப் போன நாள் முழுக்க நானும் தஸ்லீமாவும் அக்கா வீட்டு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசியிருக்கலாம். தடுக்க ஆள் இல்லை. அதனாலேயே பேச முடியவில்லை.

காரியம் முடிந்த பிறகு மறுபடியும் மன்னார்குடி போனோம். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் டிக்கோ இருந்தது. செந்தில் அண்ணன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பொம்மையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கேக்கணும்னு இருந்தேன். திங்கக்கெழம திங்கக்கெழமன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. இது ஊருக்குப் போயிருச்சா, இல்லையா?"

எனக்கு எதையும் நேராகச் சொல்லித்தான் பழக்கம். கேட்பவர் அவர். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தஸ்லீமா குனிந்து தரையைப் பார்த்தாள். அதற்குள் அவரே கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேணாம் வேணாம். சொன்னீங்கன்னா அவ திட்டுவா. நானே பாத்துக்குறேன். இதுக்கு முன்னாடி ரெண்டு பாகம் இருக்காமே?"

"ஆமாண்ணே. அதப் பாத்தாத்தான் இது புரியும்."

"அப்ப அதுலேருந்து வரேன். ஆனா இப்ப முடியாது. சம்பா நடவு ஆரம்பிச்சிருச்சு, ஆளு கெடைக்கல. நடவு முடியட்டும். அதுவரைக்கும் இருப்பீங்கள்ல?"

"இருப்போம்ணே" என்றாள் தஸ்லீமா.

அன்று மாலையே அவரை எங்கள் குழுவில் சேர்த்தோம். அக்காவின் எண்ணை எடுக்கவில்லை. அது அப்படியே இருக்கிறது.

டிக்கோ விமர்சனம் எங்கே என்று கேட்டு எழுதும் எல்லோருக்கும் இதுதான் பதில். விமர்சனம் தயாராக இருக்கிறது. கடைசி ஆள் இன்னும் பார்க்கவில்லை. அவருக்கு வயல் வேலை இருக்கிறது. படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். பரவாயில்லை, போனில் வரும். நீங்களும் பின்னூட்டத்தில் முடிவைச் சொல்லாதீர்கள். சொன்னால் நீக்கிவிடுவேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒன்றுதான்: தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது. எனக்கு இது சுலபம் இல்லை.

நேற்று மதியம் வரப்பில் உட்கார்ந்து பேசியதுபோல ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் நடவு ஆட்களின் பேச்சுச் சத்தம். "தம்பி, மழைல வேல நிக்கிறப்ப நிக்கிறப்ப மொதப் பாகத்தப் பாத்து முடிச்சிட்டேன். பாவமா இருக்குப்பா. அதுக்கு ஏன் ஒத்தக் கண்ணு? இன்னொரு கண்ணு என்னாச்சு?"

இரண்டாம் பாகத்தின் நடுவில் அது வருகிறது. முழுவதையும் தட்டச்சு செய்தேன். பிறகு அழித்துவிட்டு, "பாருங்கண்ணே" என்று மட்டும் அனுப்பினேன்.