கதவோரம் தூங்கிய சார்

இன்று உப்பளம் கடைத்தெருவில் ஒரு அரிசிக் கடையில் ஈரச் சாக்கு வாடை அடித்ததும், பழைய துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் நடந்து, பிறகு கிடங்கோடு இடிக்கப்பட்டுப்போன எங்கள் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. ஜன்னலே இல்லாத வகுப்புக்கு ஒரே கதவு. கணக்கு டீச்சர் லீவு போட்டால் பதிலுக்கு வரும் சார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் கதவை அடைத்தாற்போல நாற்காலியைப் போட்டு, எங்களை வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போவார். வெளியே மற்ற வகுப்புகள் விளையாடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, சொன்ன வாய்ப்பாட்டையே திரும்பத் திரும்பச் சொல்லி வியர்த்துக் கிடப்போம்.

ஒருநாள் எனக்கு அவசரமாக ஒன்றுக்கு முட்டியது. எழுப்பினால் அடிப்பார்.

"இருடி, அழுவாத," என்றாள் பக்கத்தில் இருந்த ஜோசபின். அவள் தாத்தாவும் அதே பட்டாளத்துக்காரர். எழுந்து, 'விறைப்பாக நில்' என்னும் பிரெஞ்சு உத்தரவை, தாத்தாவின் குரலிலேயே கத்தினாள்.

"கார்தாவூ."

சார் தூக்கத்திலேயே எழுந்து விறைத்து நின்றார். நாற்காலி சரிந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோதும் அவர், கண் விழித்திருந்தும், அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பவர் போல அப்படியே நின்றிருந்தார்.

"அடுத்து என்னா சொல்லணும்னு தெரியலடி," என்றாள் ஜோசபின்.

கதவு திறந்தே கிடந்தது. யாரும் வெளியே போகவில்லை.