கப்பல் இன்னும் மூழ்கவில்லை

பழைய பேப்பர் சாக்கு கவிழ்ந்ததும் தராசக்காவின் கை தராசுக்குப் போகாது, குவியலுக்குள் போகும். செய்தித்தாள்களைப் புறங்கையால் ஒதுக்கி, பாடப்புத்தகங்களை முழங்காலால் தள்ளி, பழைய வார இதழ் ஏதாவது தென்பட்டால் அதை மட்டும் உருவி எடுப்பார். நாலு பக்கம் புரட்டுவார். பிறகு எடை. எடை முடிந்ததும் அந்த இதழ்கள் மற்றக் கட்டுகளோடு சேராமல் அவருடைய முக்காலிக்கு அடியில் போய்விடும். தேர்வு முடிந்த கையோடு கையேடுகளைப் போட வருகிறவர்கள் தராசக்காவை முதன்முதலாகப் பார்ப்பது இந்தக் கோலத்தில்தான். தலை குவியலுக்குள் இருக்கும். குரல் மட்டும் வெளியே வரும்.

“படிச்சு முடிச்சாச்சா, இல்ல படிக்காமலே முடிச்சாச்சா? ஒரு பக்கங்கூட மடங்கலையே ராசா!”

பழைய பேப்பர் கடை அவருடையது அல்ல. முதலாளி உள்ளே மின்விசிறிக்குக் கீழே இருப்பார். கடையை நடத்துவது அக்காதான். வளையலுக்குப் பதிலாகக் கையில் சணல் சுற்றியிருக்கும். காம்பு உடைந்த கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டுக் காதில் நிறுத்தியிருப்பார். புத்தகத்தின் முதுகிலிருந்து பின்னைக் கழற்ற, நுனியைத் தேய்த்துத் தட்டையாக்கிய கரண்டிக் காம்பு ஒன்று இடுப்பில் செருகியிருக்கும். கட்டின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, சணலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்தால் கட்டு கல்லாகிவிடும். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் சணலுக்கு நடுவிலிருந்து ஒரே பதில்தான் வரும்: “அதுக்கென்ன இப்போ?”

மழையில் லோடு நனைந்தாலும் அதுக்கென்ன இப்போ. வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தாலும் அதுக்கென்ன இப்போ. அவருக்கு அந்த வார்த்தை வராமல் போன ஒரு காலம் உண்டு.

அவர் கணவர் லாரி ஓட்டியவர். ஊரே டிரைவர் என்று கூப்பிட்டதால் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஒருநாள் காலை முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு என்று எல்லாம் ஒரே மூச்சில் போயின. எழுத்துகளும் கூடவே போயின. பார்ப்பார், ஆனால் பிடிபடாது. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, “போலாம்.” பசித்தால் போலாம். தண்ணீர் வேண்டுமென்றால் போலாம். ஆத்திரத்தில் டம்ளரைத் தட்டிவிட்டாலும் போலாம். எங்கேயும் போக முடியாத மனிதருக்கு அந்த வார்த்தைதானா மிஞ்ச வேண்டும் என்று பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டார்கள்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தை அவர் வலது கையில் வைத்துவிட்டு, வெளியே வந்து அக்காவிடம் குரலைத் தாழ்த்தினாள். “இப்ப விட்டுட்டா கை இப்படியே நின்னுடும்மா. அவரா மனசு வெக்கணும்.” டிரைவர் மனசு வைக்கவில்லை. பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அக்காவுக்குத் தொடர்கதைப் பைத்தியம் முன்பே உண்டு. “கதப் புஸ்தகம் டீசல் ஊத்துமா?” என்று டிரைவர் அந்தக் காலத்தில் கேலி செய்வார். இப்போது சுவரைப் பார்த்த முதுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு பழைய கட்டைப் பிரித்தார். அது கணவருக்காக அல்ல, தனக்காகத்தான்.

“மனசுக்குள்ள படிச்சா பயமும் கூடச் சேர்ந்து படிக்குது. அதான் வாய்விட்டுப் படிச்சேன்” என்பார்.

அது ஒரு கப்பல் தொடர். புயலில் எல்லாரும் படகில் ஏறித் தப்பிவிட, இன்ஜினியர் ஒருவன் மட்டும் கப்பலில் சிக்கிக்கொள்கிறான். தாடியும் கோடு போட்ட தொப்பியுமாக வாரம் தவறாமல் அவன் படம் இருக்கும். அவன் வலது கை இயந்திரத்தில் நசுங்கிவிடுகிறது. அந்த இடத்தில் அக்கா தண்ணீர் குடிக்க நிறுத்தினார். சுவரோரம் முதுகு அசைந்தது.

“போலாம்.”

விழுந்த நாளிலிருந்து அந்த வார்த்தை அதன் சொந்த அர்த்தத்தில் வந்தது அன்றுதான். அக்கா குனிந்து பந்தைத் தேடி எடுத்தார். “சும்மால்லாம் போவாது. கைய மூடித் தொறங்க, கப்பல் நகரும்.”

மறுநாளிலிருந்து அதுவே சட்டம். விரல் அசைந்தால் ஒரு பத்தி. அசையாவிட்டால் அக்கா இதழை மூடி மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். டிரைவர் முறைப்பார், முனகுவார், கடைசியில் விரல் அசையும்.

இயந்திர அறைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது கட்டு தீர்ந்துபோனது. அடுத்த இதழ்களை எலி தின்றிருந்தது. அக்கா பந்தைப் பார்த்தார். பாதி மூடி நின்ற விரல்களைப் பார்த்தார். கையில் கிடைத்த ஏதோ ஒரு சமையல் பக்கத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “இன்ஜினியர் சாகல” என்று வாசிக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து கப்பலை ஓட்டியது அவர்தான். இயந்திரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் டிரைவர் சாப்பிடும்போது புலம்பியதைக் காதில் வாங்கியதுதான். அதனால் நடுக்கடலில் டீசல் குழாயில் காற்று அடைத்தது. இன்ஜினியர் வாயால் உறிஞ்சித் துப்பினான். பெல்ட் அறுந்தது, சணலை முறுக்கிப் போட்டான். எல்லாம் இடது கையால் செய்தான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வலது கையாலும்.

“அக்கா, கப்பலுக்குக் கிளட்ச் உண்டா?” என்று முதலாளி வயிறு குலுங்கச் சிரிப்பார்.

“நம்ம கப்பலுக்கு உண்டு. அதுக்கென்ன இப்போ?”

இன்ஜினியர் படிக்கட்டு ஏறினபோது டிரைவர் கட்டிலைப் பிடித்து எழுந்தார். கப்பல் கரையைக் கண்டபோது அவர் வாசலைக் கண்டார். பயிற்சிப் பெண் தன் கைராசி என்று நினைத்தாள். அக்காவும் தலையாட்டி வைத்தார்.

ஆனால் அச்சான கதை எங்கேயோ ஒரு பரணில் இருக்கிறதே! அது என்றைக்காவது ஒரு சாக்கில் வந்து விழும். எழுத்து பிடிபடாவிட்டாலும் படம் டிரைவருக்குப் பிடிபட்டுவிடும். அதற்காகத்தான் அந்தத் தேடல்.

“உண்மையச் சொல்லிடேன்க்கா. என்ன, குடியா முழுகிடும்?” என்று முதலாளி ஒருமுறை கேட்டார்.

“கப்பல் முழுகிடும், முதலாளி. அந்த இன்ஜினியர நம்பித்தான் இவரு கைய மூடுறாரு. எல்லாம் நான் சொன்னதுன்னு தெரிஞ்சா? பொண்டாட்டி பேச்ச இவரு என்னைக்குக் கேட்டாரு?” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “மறுபடி செவுத்தப் பாத்துட்டாருன்னா, என்கிட்ட வேற கத இல்ல.”

இப்போது டிரைவரும் கடைக்கு வருகிறார். கைத்தடியை ஊன்றி, அக்காவுக்குப் பின்னாலேயே மெல்ல நடந்து வருவார். காகிதம் இருக்கும் பக்கம் அக்கா அவரை விடுவதில்லை. “தூசி, ஒத்துக்காது” என்று சொல்லி இரும்புச் சாமான் பக்கம் ஸ்டூல் போட்டிருக்கிறார். தகரத்தையும் பித்தளையையும் பிரித்துப் போடுவது டிரைவர் வேலை.

காகிதத்துக்குக் காவல் இருந்தவர் தகரத்தை மறந்துவிட்டார். போன வாரம் யாரோ துருப்பிடித்த டிரங்குப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். வெறும் பெட்டிதானே என்று அக்கா தூக்கி இரும்புப் பக்கம் வைத்தார். துணியில் துரு படாமலிருக்க யாரோ ஒரு காலத்தில் அதன் மூடிக்குள் பத்திரிகைப் பக்கங்களை ஒட்டிவைத்திருந்தார்கள். காகிதத்தைக் கிழித்தால்தான் தகரம் எடைக்குப் போகும்.

தகரச் சத்தம் நின்றுபோகவே அக்கா திரும்பிப் பார்த்தார். டிரைவர் திறந்த மூடியின் முன்னால் குனிந்திருந்தார். அக்கா பக்கத்தில் போனார். பழுத்த தாளில் தாடியும் கோடு போட்ட தொப்பியும். இயந்திர அறை நிறையத் தண்ணீர். தொப்பி மட்டும் தனியே மிதக்க, இன்ஜினியர் கண்மூடிக் கிடந்தான்.

“என்னங்க...” என்றார் அக்கா.

டிரைவர் படத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ரப்பர் பேண்டு போட்ட கண்ணாடி, சணல் சுற்றிய கை என்று ஒவ்வொன்றாக, புதிதாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்தார். பிறகு தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, வலது கையின் நகத்தால் தாளின் ஓரத்தை நெம்பினார். அது பொடிப்பொடியாக வந்தது. அவர் விடவில்லை. முழுப் படமும் உள்ளங்கைக்கு வந்ததும், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பந்தைக்கூட அந்தக் கை அவ்வளவு இறுக்கி மூடியதில்லை. கசங்கிய உருண்டையைக் கழிவுச் சாக்கில் போட்டார்.

வண்டியை எடுக்கச் சொல்லிக் கிளீனர் லாரியைத் தட்டுவதுபோலப் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

“போலாம்.”