டிராயரில் இருந்த செம்பு

மும்பைப் பக்கம் ஐரோலியில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்தில் செம்பு ராடுகளை மெஷினில் மாட்டி, இழுத்தும் அமுக்கியும் உடைத்துப் பார்ப்பதுதான் கலைச்செல்வியின் வேலை. நல்ல செம்பை உடைப்பதற்கு ஒரு சம்பளமா என்று தாராவியில் அவள் அம்மாவுக்கு ஆற்றாமை. நாற்பது வயதுவரை வந்த வரனையெல்லாம் மகள் தட்டிக் கழித்தது தனி ஆற்றாமை.

அந்தச் செம்பு லேசுப்பட்டதல்ல. வளைந்த அச்சுக்குள் எட்டுத் தடவை அழுத்தித் தள்ளினால் உள்ளே நெருக்கியடித்திருக்கும் உலோக மணிகள் கண்ணுக்கு எட்டாத அளவு பொடியாகி, செம்பு முறுக்கேறிவிடும். அழுத்துகிறவர் வெயிலுமுத்து. அந்தக் கைப்பதம் வேறு யாருக்கும் வரவில்லை. அவர் அழுத்துவார், இவள் உடைப்பாள். ஆறு வருஷம் இப்படியே ஓடிற்று. மனசில் இருந்ததை யாராவது வாய்திறந்து சொன்னார்களா? ம்ஹூம், இரண்டும் ஊமைக்கோட்டான்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் புராஜெக்ட் நின்றது. அவர் ஓசூருக்கு வேலைக்குப் போனார். போகிற அன்று கிங்ஸ் சர்க்கிளில் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, கடைசியாக அழுத்திய ராடை அவள் கையில் வைத்தார். "இத யாருட்டயும் குடுத்துராத கலா" என்றார். அவ்வளவுதான்.

போன வாரம் கூடத்தின் தலைவர் ரோஷன் சார் கேட்டார். "பழைய ராடு ஒண்ணாவது இருக்கா? பத்து லட்சம் தடவை தாங்கிட்டா புராஜெக்ட் திரும்ப வந்துரும். முத்துவையும் கூப்பிட்டுக்கலாம்."

"இருக்கு சார்!" அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைந்து, கண்ணாடி மாதிரி தேய்த்து, காலை ஒன்பதுக்கு மெஷினில் மாட்டினாள். அன்றைக்குத் தலையில் பூ வேறு. ஆனால் ஒரு லட்சம் தாண்டுவதற்குள் ராடின் மேல் சாய்வாகக் கோடுகள் கிளம்பின. பதினொரு மணி டீ வருமுன்னே துண்டாகிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பொடிமணிகளைக் காணோம். எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துக் கிடந்தன.

"பிரிட்ஜிலதானே இருந்தது?" என்றார் ரோஷன் சார்.

இந்தச் சுத்தச் செம்பை வெளியே போட்டுவைத்தால் மாதக் கணக்கில் தானாகவே தளர்ந்துவிடும். ராடுகளை வெளியே வைக்காதீர்கள் என்று பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியவளே அவள்தான். மற்ற எல்லா ராடையும் உடைக்கிற நாள்வரை அப்படித்தான் காத்தாள். இந்த ஒன்றை மட்டும் கைக்குட்டையில் சுற்றித் தன் மேஜை டிராயரில் வைத்திருந்தாள். வெயிலுமுத்து திரும்பி வரும் வழியை அவளே அடைத்துவிட்டாள், பாவி.

நாலு வருஷமாகக் கூப்பிடாத நம்பரை அன்று கூப்பிட்டாள்.

"எல்லாம் போச்சு. ஒங்க ராட நாந்தான் கெடுத்துட்டேன்."

"பிரிட்ஜில வைக்கலியா? ஒனக்குத் தெரியாததா?"

"மத்ததோட சேந்து கெடக்க வேண்டாம்னு டிராயர்ல வச்சேன். தெனமும் எடுத்துப் பாப்பேன்." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்க வருவீயன்னு…"

அந்தப் பக்கம் லேத் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"நாலு வருசமும் தெனமுமா?"

"ம்."

"அடி கூறுகெட்டவளே, இத அன்னைக்குக் காபிக்கடையில சொல்லியிருந்தா நான் எதுக்கு ரயிலேறப் போறேன்?"

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.