இல்லாத ஜன்னல்

காவல் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் டைப்பக்கா. விசாரணை ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்வது வேலை. இருமினால் இருமல், அழுதால் அழுகை, எதையும் விடக்கூடாது.

இன்ஸ்பெக்டருக்காக '(மேஜை தட்டப்படுகிறது)' என்பதை ஒரே விசையில் அமைத்து வைத்திருந்தாள். பக்கத்துக்கு ஏழெட்டு விழும். அவர் கேள்வி ஐந்து வரி. பதில், 'ஆமா சார்.' புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் பெண் வேறு ரகம். "அன்னிக்குக் காலையிலருந்து சொல்லுங்க" என்பாள். அப்புறம் வாயே திறக்கமாட்டாள். '(மௌனம், இருபது வினாடி)' என்று டைப்பக்கா அடித்து முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் கொட்டித் தீர்த்துவிடுவார்.

இரண்டையும் வீட்டில் பரீட்சித்துப் பார்த்தாள். ஃபிளாஸ்க்கை உடைத்தது யார் என்று மேஜையைத் தட்டிக் கேட்டபோது கணவர் செய்தித்தாளைப் புரட்டினார். மறுநாள் பேசாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சரி, நான்தான். போன மாசம் உன் குடையத் தொலைச்சதும் நான்தான்."

சலவைக் கடைத் திருட்டு வந்தது அதற்கடுத்த வாரம். எட்டுக் கோட்டுகள் காணோம். அங்கே துணி தேய்ப்பவரை இன்ஸ்பெக்டர் காலையில் பிடித்து மதியத்துக்குள் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்.

"பின்பக்க ஜன்னல் கம்பிய அறுத்து உள்ள போனியா இல்லியா?"

"ஆமா சார்."

"எதால அறுத்த?"

"எதால சார்?"

"ரம்பத்தால."

"ரம்பத்தால சார்."

டைப்பக்காவின் விரல் நின்றது. அவள் வாராவாரம் துணி போடும் கடை அது. மூன்று பக்கமும் சுவர். ஜன்னல் எங்கிருந்து வந்தது? தான் அடித்த புகாரை எடுத்துப் பார்த்தாள். பழைய செருப்புக் கடைப் புகாரை வைத்துக்கொண்டு பெயர், சாமான், தேதி எல்லாம் மாற்றியிருந்தாள். ஒரே ஒரு வரியை மட்டும் மாற்ற மறந்திருந்தாள். ஜன்னல் செருப்புக் கடையுடையது. கடைக்காரரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

மூன்று மணிக்குக் கோப்பு நீதிமன்றம் போகும். அதோடு அந்த மனுஷனும் உள்ளே போவார். சொன்னாலோ, இது அவளுடைய மூன்றாவது தவறு. பழைய கோப்புக் கிடங்குக்குத் தள்ளிவிடுவார்கள். மின்விசிறி கிடையாது, எலி உண்டு. வக்கீல் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் கை ஓடவில்லை.

இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து அவள் மேஜையைத் தட்டினார். "ஏம்மா, இன்னுமா முடியல?"

"முடிஞ்சிரும் சார்."

இன்னொரு தட்டு. தேநீர்க் குவளையைச் சற்று நகர்த்திக்கொண்டாள். அவர் போய்விட்டார்.

பிறகு அந்த சப்-இன்ஸ்பெக்டர் பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். "என்னக்கா ஆச்சு?" அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சில்லை.

இந்த வித்தை தெரியாததா? இருபது வரை தாக்குப்பிடிப்பது என்று முடிவுசெய்து மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பதினொன்றில் வாய் திறந்துவிட்டது.

"அந்த ஜன்னல் நான் வச்சதும்மா."

இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு மூவரும் கடைக்குப் போனார்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படி. இன்ஸ்பெக்டர் சுவரை வெகுநேரம் பார்த்தார். சுவரை மட்டும் தட்டவில்லை.

துணி தேய்ப்பவரைச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். திங்கள்கிழமையிலிருந்து கிடங்கு என்ற உத்தரவு டைப்பக்காவின் கைக்கு வந்தது. துணி தேய்ப்பவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போனாள்.

"ஏங்க, இல்லாத ஜன்னலுக்கு ஏன் ஆமான்னீங்க?"

"இல்லன்னு காலையிலருந்து சொல்லிப் பாத்தேன்க்கா. யாரும் காதுலயே போட்டுக்கல. ஆமான்னதும் டீ வாங்கிக் குடுத்தாங்க."

"நல்லா இருந்துச்சா?"

"ஆறிப்போச்சு. இருந்தாலும் நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்."